காணிக்கையாக வைத்த பக்கம்

புக்கிட் ரோத்தான்
24 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

உறையைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். அம்மாவை எடுத்த மறுநாளே என் நம்பரை முடக்கிவிட்டாய். அண்ணியும் எடுப்பதில்லை. ரவாங்குக்கு வந்து உன் கதவைத் தட்டலாம்தான், ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது. அதனால் தபால்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என் இணையப் பக்கத்தை மூடுவதற்கு ஆள் விட்டது நீயா?

என் வீட்டுக்காரர் லோரி விபத்தில் போன பிறகு எனக்குத் துணையாக இருந்தவை இரண்டு. ஒன்று சபை, இன்னொன்று அந்தப் பக்கம். கிளினிக்கில் நாள் முழுக்க நம்பர் கூப்பிட்டு, மருந்துப் பொட்டலம் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து எழுதுவேன். ஞானஸ்நானத்தில் வாங்கிய பெயரையும் அம்மா வைத்த பெயரையும் சேர்த்து ‘எஸ்தர் மோகனா’ என்று போட்ட பக்கம். என் மூன்று புத்தகங்களும் அதில் எழுதியவைதான். நான் எழுதுகிறவள் என்று ஊருக்குத் தெரிவதே அதனால்தான்.

மார்ச்சில் அந்தத் தளத்தை நடத்தும் கம்பெனிக்காரர்கள் ஒரு கதையை நீக்கினார்கள். நம் தோட்டத்து லயத்தில் புருஷனின் அடி தாங்காமல் களைக்கொல்லி குடித்துச் செத்தாளே மாலா, அவள் கதை. தற்கொலையைத் தூண்டுகிறதாம். பெரிய வெள்ளிக்கு இயேசுவின் கையில் அடித்த ஆணியைப் பற்றி எழுதினேன். அது வன்முறையாம், போட்ட சூட்டோடு காணோம். இன்னும் ஒன்றை நீக்க நேர்ந்தால் பக்கமே இருக்காது என்று இங்கிலீஷில் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள். மேல்முறையீடு செய்தேன். அதை மனிதன் எவனும் படித்ததாகத் தெரியவில்லை, எல்லாம் இயந்திரம்தான் தீர்மானிக்கிறதாம்.

மாலாவின் கதையை அந்த இயந்திரம் தானாகவா தேடிக்கொண்டு வந்தது? பஞ்சாயத்துப் பேசி அவளைத் திரும்பப் புருஷனிடமே அனுப்பி வைத்த கோயில் கமிட்டியைப் பற்றி அதில் இருக்கிறது. அன்று அங்கே நம் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். இன்று அந்தக் கமிட்டிக்கு நீ செயலாளர்.

சுங்கை பெசாரில் தனுஜா என்று ஒரு பெண் இருக்கிறாள். முகம் பார்த்ததில்லை, வீடும் தெரியாது, பக்கத்தின் வழியாகத்தான் பழக்கம். மாலாவின் கதையைப் படித்துவிட்டு, தான் வாங்கி வைத்திருந்த களைக்கொல்லிப் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன் என்று எனக்கு எழுதினாள். அன்றிலிருந்து மனசு கலங்கும்போதெல்லாம் எழுதுகிறாள், நானும் எந்த நேரமானாலும் பதில் போடுகிறேன். பக்கம் போய்விட்டால் அவள் என்னை எங்கே தேடுவாள்? உன் தோட்டத்துப் பையன்களிடம் இதையும் சொல்.

மோகனா


ரவாங்
5 மே 2025

மோகனா,

பதிவுத் தபால் என்றதும் உன் அண்ணி சம்மன் என்று நினைத்துக் கதவைத் திறக்கவே இல்லை. நான் வேலைக்கு லீவு போட்டு, தபால் ஆபீசில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த முறை சாதாரண ஸ்டாம்பு ஒட்டு.

நான் புகார் கொடுக்கவில்லை. தோட்டத்துப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் உன் கதையைப் போட்டு, எல்லோரும் புகார் பொத்தானை அமுக்குங்கள் என்று எழுதினான். நான் பார்த்தேன். அமுக்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு உன்மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தது.

ஏன் என்று தெரியாதவள்போல் எழுதுகிறாய். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். சொந்தபந்தமெல்லாம் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். பெற்ற மகள் நீ சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். ரெங்கசாமி மாமா அரிசித் தட்டை உன்னிடம் நீட்டினார். நீ தலையை ஆட்டிவிட்டாய். என் கூடப்பிறந்த அக்கா வாயில் ஒரு பிடி அரிசி போடாதவள் எனக்கு மருமகள் இல்லை என்று அந்த இடத்திலேயே சொன்னார். இன்றுவரை அவர் உன் பெயரை வாயில் எடுப்பதில்லை. உனக்குப் பக்கம் போய்விடும் என்று பயம். எனக்குத் தங்கையே போய்விட்டாள்.

பையன்களிடம் இனி வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கேட்பார்களா, தெரியாது. அந்தச் சுங்கை பெசார்ப் பெண்ணுக்காகச் சொன்னேன், உனக்காக இல்லை. நம்பரைத் திறக்க மாட்டேன்.

கணேஸ்வரன்


புக்கிட் ரோத்தான்
26 மே 2025

அண்ணனுக்கு,

உன் பையன்களை நம்பி நான் உட்கார்ந்திருக்கவில்லை. கர்த்தர் எனக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

பெயர் முகுந்தன், நாங்கள் பிரதர் என்று கூப்பிடுகிறோம். கம்ப்யூட்டர் படித்தவர். ஊழியம் செய்கிறவர்கள், எழுதுகிறவர்கள் இவர்களின் பக்கங்களை இந்த மாதிரி முடக்கத்திலிருந்து காப்பாற்றிக் கொடுப்பதுதான் அவர் ஊழியம். முப்பது வயதுகூட இருக்காது. குரலை உயர்த்துவதே இல்லை. என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, என் பெயர் அவர்கள் கணக்கில் ஏறிவிட்டது, நான் நிர்வாகியாக இருக்கும்வரை பக்கத்துக்கு ஆபத்துதான் என்றார். உரிமையை அவருடைய ஊழியத்தின் பெயருக்கு மாற்றிவிட்டு, எழுதுவதை அவரிடம் அனுப்பினால் போதும், எந்தச் சொல்லில் இயந்திரம் கை வைக்கும் என்று பார்த்துப் போடுவார்களாம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் சம்பளம், புது மோட்டார், புது வீட்டுச் சாவி எதுவானாலும் முன்னால் கொண்டுவந்து மேசையில் வைத்துப் படைப்போம். படைத்த பிறகு அது என்னுடையது என்று யாரும் பேசுவதில்லை. போன ஞாயிறு நான் என் கைப்பேசியை வைத்தேன். போதகர் அதன்மேல் கை வைத்து ஜெபித்தார், சபை முழுக்க ஆமென் சொன்னது. அந்த மேசையிலேயே முகுந்தன் தொட வேண்டியதைத் தொட்டு மாற்றிக்கொண்டார். நிம்மதியில் அழுதுவிட்டேன்.

அதற்கு முன்னால் சாட்சி சொல்லச் சொன்னார்கள். வாய்க்கரிசி விஷயத்தைத்தான் சொன்னேன். போன உயிருக்கு அரிசி போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, உயிரோடு இருந்த அம்மாவுக்கு மூன்று மாதம் கஞ்சி ஊட்டினேன், என் மனசில் குறையில்லை என்றேன். முகுந்தன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டார். நீ அந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை வந்தாய் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மோகனா


ரவாங்
10 ஜூன் 2025

மோகனா,

நைட் ஷிப்டு பார்க்கிறவன் எத்தனை தடவை வருவான்? அம்மாவுக்கு அது தெரியும். உனக்குத் தெரியாவிட்டால் போகட்டும்.

நான் உன் சபையைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சொந்த வீட்டை இன்னொருத்தன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதிலேயே குடியிருக்கிறாய். நாளைக்கு அவன் கதவைச் சாத்தினால் எங்கே போவாய்? ஜெபம் செய்து கொடுத்தால் மட்டும் கொடுத்தது கொடுத்ததில்லை என்று ஆகிவிடுமா? பக்கத்தில் வருவதை நான் அவ்வப்போது பார்ப்பதுண்டு. இரண்டு வாரமாக உன் எழுத்தில் உப்பு இல்லை.

கணேஸ்வரன்


புக்கிட் ரோத்தான்
30 ஜூன் 2025

அண்ணனுக்கு,

ஒளிந்திருந்து படிக்கிறாய் என்று அம்மா இருக்கும்போதே எனக்குத் தெரியும்.

உப்பு இல்லை என்றாய். உண்மைதான். நான் அனுப்பியதில் பாதி இன்னும் வெளியே வரவில்லை. மாலாவின் கதையைத் திரும்பப் போடச் சொன்னேன், இப்போது வேண்டாம் சகோதரி என்றார் முகுந்தன். குடிகாரன், அடி, சாவு, இரத்தம், சிலுவையில் வலி இதெல்லாம் இயந்திரத்துக்குப் பிடிக்காத சொற்களாம். பக்கம் பிழைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் நான் எதை எழுதுவது என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை செகிஞ்சானுக்குக் கூட்டிப்போனார். கடைக்கு மேலே ஒரு அறையில் மைக் வைத்திருக்கிறார்கள். கண் தெரியாத வாசகர்களுக்காக என் புத்தகங்களை நானே வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றார். மூன்று புத்தகத்திலிருந்தும் சில கதைகளை வாசித்தேன். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஒன்றோடொன்று ஒட்டாத வாக்கியங்கள். கோபமாக ஒருமுறை, அழுவதுபோல் ஒருமுறை, சிரித்துக்கொண்டு ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பக்கத்துக் கட்டடத்தில் சூப்புக்கு விற்கும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கிறார்கள். பதிவு செய்த குருவிச் சத்தத்தை ஸ்பீக்கரில் விடாமல் போடுகிறார்கள், அதைக் கேட்டு நிஜக் குருவிகள் வந்து அடைகின்றன. அந்தச் சத்தம் என் பதிவில் விழாதா என்று கேட்டேன். அதையெல்லாம் தனியாக எடுத்துவிடலாம், குரல் மட்டும் இருந்தால் போதும் என்றார்.

தனுஜாவுக்கு நான் எழுதும் பதிலைக்கூட இப்போது அவர் வழியாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. பழகிவிடும் என்கிறார். எனக்குப் பழகவில்லை.

மோகனா


ரவாங்
28 ஜூலை 2025

அன்புள்ள மோகனாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உன்னிடம் ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நம்பரைத் திறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பேக்டரி பஸ்ஸில் போகும்போது உன் பக்கத்தைத் திறந்தேன். உன் குரல். ‘அண்ணே, அம்மா வாய்க்கு ஒரு பிடி அரிசி போடாத இந்தக் கைய நெனச்சு தெனமும் அழுவுறேன். என்னை மன்னிச்சிருங்கண்ணே.’ அன்று நான் லைனில் எதைச் சோதித்தேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியாது. கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன்.

நேற்று தோட்டத்தில் ஆடிப் பூசை. பூசை முடிந்து சோறு போடுவதற்கு முன்னால், மைக்செட்டுக்காரனைக் கூப்பிட்டு என் கைப்பேசியைக் கொடுத்தேன். முனீஸ்வரர் சன்னதிக்கு முன்னால் உன் குரலை ஒலிபெருக்கியில் போட்டோம். தோட்டம் முழுக்கக் கேட்டது. ரெங்கசாமி மாமா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு என் தோளில் கை வைத்து, “புள்ள திரும்பி வந்துருச்சுடா,” என்றார்.

செப்டம்பரில் அம்மாவின் வருஷத் திதி. நீ வருவாய் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். உன்னைச் சாமி கும்பிடச் சொல்ல மாட்டோம். வந்து பக்கத்தில் நின்றால் போதும்.

இத்தனை நாள் உன்னை விலக்கி வைத்ததற்கு எனக்கும் வருத்தம்தான், மோகனா.

உன் அண்ணன்
கணேஸ்வரன்


புக்கிட் ரோத்தான்
4 ஆகஸ்டு 2025

அண்ணா,

நேற்று நீ மூன்று தடவை கூப்பிட்டாய். பார்த்துக்கொண்டே எடுக்காமல் இருந்தேன். ஃபோனில் என் குரலை நீ நம்ப வேண்டும் என்று சொல்ல எனக்கே பயமாக இருக்கிறது. என் கையெழுத்து உனக்குத் தெரியும்.

அது நான் இல்லை. அந்தச் சொற்களில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. நான் அப்படிப் பேசவில்லை, எழுதவில்லை, பேசச் சொல்லவும் இல்லை. செகிஞ்சானில் என் வாயிலிருந்து எடுத்த குரலை வைத்து ஒரு இயந்திரம் பேசியிருக்கிறது. நான் சபையில் சொன்ன சாட்சியைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

உன் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் அம்மா போனதிலிருந்து ஏங்கினேன். பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நீ மன்னித்தது என்னை இல்லை. அம்மா போனதில் எனக்கு வருத்தம் உண்டு, உன்னைப் பிரிந்ததிலும் உண்டு. அரிசி போடாததில் இல்லை. மறுபடியும் அந்தத் தட்டை நீட்டினாலும் தலையைத்தான் ஆட்டுவேன். பொய்யான மன்னிப்பைக் காட்டி உன் வீட்டுக்குள் நுழைய என்னால் முடியாது.

முகுந்தனிடம் போய்க் கேட்டேன். கோபமே படவில்லை. “கண்ணீர மட்டும் எந்த மெஷினும் நீக்காது, சிஸ்டர்,” என்றார். அந்தப் பதிவுக்கு வந்த கூட்டம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லையாம், இனி அந்தப் பக்கத்தை யாராலும் அசைக்க முடியாதாம். திரும்பக் கொடுங்கள் என்றேன். காணிக்கையாக வைத்ததைத் திரும்பக் கேட்கலாமா என்று என்னையே கேட்டார். அருகில் போதகர் இருந்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனா


ரவாங்
11 ஆகஸ்டு 2025

மோகனா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

சரி, நீ பேசவில்லை. நம்புகிறேன். இப்போது நான் சொல்வதைக் கேள். அது சாமி முன்னால் போட்ட வார்த்தை. தோட்டமே கேட்டது. அது பொய், ஏதோ மெஷின் பேசியது என்று நான் போய்ச் சொன்னால், கோயிலில் வைத்துச் சபைக்காரர்கள் நம்மைக் கேலி செய்துவிட்டார்கள் என்றுதான் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் குழுவில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று நீ பார்த்ததில்லை. உன் வீடு எந்தத் தாமான் குடியிருப்பு, எந்த லோரோங் சந்து என்றுகூடத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இப்போது எல்லோரும் உன்னை நல்ல விதமாகப் பேசுகிறார்கள். அதை நீயே கெடுத்துக்கொள்ளாதே.

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இரு, அவ்வளவுதான். திதிக்கு வா, சாப்பிடு, போ. மாமாவுக்கு வயதாகிவிட்டது. அவர் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்றும் பக்கத்தில் ஒன்று வந்தது. அம்மா துணி துவைத்த கல்லைப் பற்றி. அழகாக இருந்தது. நீ எழுதியதில்லை என்று தெரிந்தும் கடைசிவரை படித்தேன்.

கணேஸ்வரன்


புக்கிட் ரோத்தான்
25 ஆகஸ்டு 2025

அண்ணா,

அம்மா கல்லில் துணி துவைத்ததில்லை. உனக்கே தெரியும், அம்மா தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டில் மெஷினில் துவைத்துக் கொடுத்தவள்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். புதிதாக ஒரு பக்கம் திறந்து, முகத்தைக் காட்டி, அந்தக் குரல் என்னுடையது இல்லை என்றேன். சாயங்காலத்துக்குள் நீக்கிவிட்டார்கள். எஸ்தர் மோகனாவாக ஆள்மாறாட்டம் செய்கிறேனாம். அந்தப் பக்கத்தின் மேல் நான் கொடுத்த புகாருக்கும் பதில் வந்தது, அதில் விதிமீறல் எதுவும் இல்லையாம். மாலாவின் கதை விதிமீறல், இது இல்லை. கோலசிலாங்கூர் போலீசில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தை நீங்களாகத்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

மறுநாள் பக்கத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. சகோதரி மனச்சோர்வில் இருக்கிறார், ஜெபியுங்கள், அவர் பெயரில் வேறு யாராவது பேசினால் நம்பாதீர்கள். அதுவும் என் குரலில்தான். அன்றிலிருந்து சபைப் பெண்கள் தினமும் வீட்டுக்கு வருகிறார்கள். தலையில் எண்ணெய் வைத்து ஜெபிக்கிறார்கள். நான் பேசத் தொடங்கினால் இன்னும் சத்தமாக ஜெபிக்கிறார்கள். கிளினிக்கில் டாக்டரம்மா கொஞ்ச நாள் ஓய்வெடு என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு எதிரே உன் பையன்களின் மோட்டார் இரண்டு நிற்கிறது. அவர்கள் ஒன்றும் செய்வதில்லை, நிற்கிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். என் பெயரைக்கூட அவர்களே வைத்துக்கொள்ளட்டும். தனுஜாவுக்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே எழுதியிருந்தாள், மறுபடியும் அந்த நினைப்பு வருகிறது அக்கா, பேசணும் என்று. கண்ணீரோடு ஜெபிக்கிறேன் மகளே என்று கீழே ஒரு வரி, ஒரு சிவப்பு இதயம். அங்கே நான் எழுத முடியாதபடி என்னைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். நான் அவளுக்கு ஒருநாளும் அப்படிப் பதில் போட்டதில்லை. அவள் அப்படி எழுதினால் முதலில் எங்கே இருக்கிறாய், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன், அவள் அம்மா வீட்டுக்கு வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். அவள் விலாசத்தை முகுந்தனிடம் கேட்டேன். எல்லோருக்கும் உடனுக்குடன் பதில் போகிறது, யாரும் காத்திருக்கவில்லை என்றார். போலீசிலும் சொன்னேன். முழுப் பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது என்றார்கள்.

உன் பையன்கள் என் லோரோங்கைக் கண்டுபிடித்தவர்கள்தானே. அவளையும் கண்டுபிடிக்கச் சொல். நானும் பஸ் ஏறிச் சுங்கை பெசார் போய்க் கடை கடையாகக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நீ அவளைப் பார்த்தால், அந்தக் குரல் நான் இல்லை என்று சொல். என் நம்பரைக் கொடு. இதை மட்டும் செய், திதிக்கு வந்து நீ சொல்கிறபடி வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். மாமாவின் காலிலும் விழுகிறேன்.

மோகனா


ரவாங்
7 செப்டம்பர் 2025

மோகனா,

உன் கடிதம் வந்து சில நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. பையன்களிடம் கேட்டால் ஏன் எதற்கு என்பார்கள், விஷயம் வெளியே வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். பிறகு கேட்டேன். மறுநாளே விலாசம் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது.

நேற்று போனேன். மோட்டாரை நிறுத்தும்போதே பந்தல் தெரிந்தது. வியாழக்கிழமை அந்தப் பிள்ளை மருந்து குடித்திருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாத நேரம். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். வேறு வழி தெரியவில்லை, தங்கச்சி.

நீ யாருப்பா என்று அவள் அம்மா கேட்டார். எஸ்தர் மோகனாவின் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா என் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “கடைசி வரைக்கும் என் பொண்ணுகிட்ட பேசுனது அவங்க ஒருத்தங்கதான்யா,” என்றார். கைப்பேசியை எடுத்து, மகளும் அந்தக் குரலும் பேசி அனுப்பிய பதிவுகளைப் போட்டுக் காட்டினார். கூட்டம் முழுக்க நின்று கேட்டது.

அந்தப் பிள்ளை கேட்கிறது, “அக்கா, நெசமாவே நீங்கதானா?”

உன் குரல் சொல்கிறது, “நான்தான்டா கண்ணு. அக்கா இங்கதான் இருக்கேன்.”

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. உன் குரல் மட்டும் ஒரு ஜெபம் சொல்லி முடித்தது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பெற்றவளுக்கு அந்தக் குரல் ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது, அதை எப்படிப் பிடுங்குவது என்று நினைத்தேன். என் பயத்துக்கு அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்று நீ சொல்வாய். சொல்.

புறப்படும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். மனசு தாங்கவில்லை, உன் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், நம்பர் கொடு என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கம்மா, உடனே பதில் வரும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கணேஸ்வரன்